சேப்பாக்கத்தில் ஒரு டெஸ்ட் நாள்: மூன்று தலைமுறையோடு போய் வந்தவரின் மதிப்புரை

சென்னையில் வீட்டுப் பெரியவர்கள் முதல் குழந்தைகள் வரை எல்லோரும் சேர்ந்து ஒரு நாளைக் கழிக்க எங்கே போகலாம் என்று கேட்டால், வண்டலூர், மாமல்லபுரம், இல்லாவிட்டால் குளிரூட்டப்பட்ட ஏதாவதொரு மால் என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. சேப்பாக்கம் எம்.ஏ.சிதம்பரம் மைதானத்தில் டெஸ்ட் ஆட்டம் நடக்கும் ஒரு சனிக்கிழமையை அந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. ஐந்து நாள் ஆட்டம் என்றாலே வேலையற்ற கிழவர்களுக்கானது என்றும், மனைவி மக்களை அழைத்துப் போவதென்றால் இரவு நேர இருபது ஓவர் ஆட்டம்தான் சரி என்றும் ஓர் எண்ணம் ஊன்றிப் போயிருக்கிறது. இரண்டுக்கும் குடும்பத்தோடு போய் வந்தவன் என்ற முறையில், முதியவர்களும் சிறு பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு டெஸ்ட் நாளே ஏற்றது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களையும், போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய சிரமங்களையும் எழுதுகிறேன்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மந்தைவெளியில் மகள் வீட்டோடு இருக்கிறேன். காலையில் நடை, நடை முடிந்தபின் பென்ஷன்காரர்கள் கூடும் பூங்கா பெஞ்சு, கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கும் நாளிதழ், மாலையில் பேத்தியின் வீட்டுப்பாடம் என்று நாட்கள் போகின்றன. ஆட்டம் இருக்கும் நாட்களில் மட்டும் இந்த ஒழுங்கு மாறும். அன்றைக்கு நீள நோட்டில் கோடு போட்டு, பந்துக்குப் பந்து ஸ்கோர் எழுதுவேன். புள்ளி வைத்தால் ரன் இல்லை, ஆறு புள்ளிகளையும் இணைத்து ஆங்கில எம் எழுத்தாக்கினால் மெய்டன் ஓவர். வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டுக்கொண்டே எழுதிப் பழகிய கை இது. 1986 செப்டம்பர் 22 அன்று காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டு மேசையில் பிரிக்கப்படாமல் கிடக்க, ஆசிரியர் அறையில் டிரான்சிஸ்டரைச் சுற்றி நாங்கள் நின்றிருந்தோம். 348 எடுக்க வேண்டிய இந்தியா 347 ரன்னில் நின்றபோது மணீந்தர் சிங் காலில் பந்து பட்டு எல்பிடபிள்யூ முறையில் அவுட் ஆகி, மறுமுனையில் ரவி சாஸ்திரி 48 ரன்னோடு அப்படியே நின்றுவிட, ஆஸ்திரேலியாவுடனான அந்த டெஸ்ட் வெற்றி தோல்வியின்றி ரன் சமனில், அதாவது டை ஆனது. அது நடந்த இடம் இதே சேப்பாக்கம். எனவே இந்த மதிப்புரை நடுநிலையானது என்று யாரும் நம்ப வேண்டியதில்லை. குறைகளை மறைக்க மாட்டேன் என்பதற்கு மட்டும் உறுதி கூறுகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட ஆட்டம் 2024 செப்டம்பர் 19 முதல் 22 வரை நடந்த இந்தியா, வங்கதேச டெஸ்ட். வியாழக்கிழமை முதல் நாளுக்கு நான் தனியாகவும், சனிக்கிழமை மூன்றாம் நாளுக்கு மனைவி, மகள், மாப்பிள்ளை, ஆறாம் வகுப்புப் படிக்கும் பேத்தி எல்லோருமாகவும் போனோம்.

டிக்கெட் வாங்குவதிலிருந்து தொடங்க வேண்டும், ஏனெனில் முதியவர்கள் தயங்கி நின்றுவிடும் இடம் அதுதான். வரிசையில் நின்று வாங்கிய காலம் போய், இப்போது எல்லாமே கைப்பேசியில் நடக்கிறது. நாங்கள் பயன்படுத்திய இணையதளத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. ஐந்து இருக்கைகளைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டும் பக்கம் வரை போனபின் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னது. இளையவர்கள் யாரேனும் அருகில் இருந்தால்தான் இந்த வேலை ஆகும். ஒரே ஆறுதல், டெஸ்ட் ஆட்டத்துக்கு ஐபிஎல் ஆட்டத்தைப் போல அடிதடி இல்லை, பக்கத்துப் பக்கத்தில் ஐந்து இடங்கள் கிடைக்கின்றன. குடும்பத்தைப் பிரித்து வெவ்வேறு கேலரியில் உட்கார வைக்கும் நிலை வராது.

போய்ச் சேருவது எளிது. பறக்கும் ரயிலில் மந்தைவெளியில் ஏறினால் ஐந்தாவது நிலையம் சேப்பாக்கம், இறங்கினால் மைதானத்தின் சுவர் கண்ணெதிரே தெரியும். வாலாஜா சாலை, பெல்ஸ் சாலை, விக்டோரியா ஹாஸ்டல் சாலை என்று மூன்று பக்கமும் நுழைவாயில்கள் இருப்பதால், டிக்கெட்டில் எந்த வாயில் என்று அச்சிட்டிருக்கிறதோ அதைப் பார்த்து, அந்தப் பக்கமாகவே நடக்க வேண்டும். தவறான வாயிலுக்குப் போய்விட்டால் மைதானத்தையே பாதி சுற்றி வர நேரும், மூட்டுவலி உள்ளவர்களுக்கு அது சிறிய தண்டனை அன்று. மெட்ரோவில் வருகிறவர்கள் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி வாலாஜா சாலை வழியாக நடந்து வரலாம். காரில் வருவதை நான் பரிந்துரைக்கவில்லை. திருவல்லிக்கேணியின் சந்துகளில் வண்டியை நிறுத்த இடம் தேடுவதற்குள் முதல் ஐந்து ஓவர்கள் முடிந்துவிடும்.

நுழைவுச் சோதனை எல்லா மைதானங்களிலும் உள்ளதுதான். பை, தண்ணீர் பாட்டில், வீட்டுச் சாப்பாடு எதற்கும் அனுமதி இல்லை. என் மனைவிக்கு வேளைக்கு மாத்திரை உண்டு, ஆகவே மாத்திரை அட்டையோடு மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டின் நகலையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், யாரும் தடுக்கவில்லை. தடுக்கப்பட்டது என் ஸ்கோர் நோட்டு. பாதுகாப்புப் பணியில் இருந்த இளைஞர் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கட்டம் போட்ட தாளில் ஆங்கில எழுத்தும் எண்ணும் புள்ளியுமாக இருந்ததைக் கண்டு அவர் சூதாட்டக் கணக்கென்று எண்ணியிருக்க வேண்டும், என் முகத்தையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் நின்ற என் மனைவிதான் விடுவித்தார்: "வாத்தியாருப்பா இவர். முப்பது வருஷம் பசங்களுக்கு மார்க் போட்டாரு, இப்ப இவங்களுக்குப் போட வந்திருக்காரு. விட்டுடு." அவர் சிரித்துக்கொண்டே நோட்டைத் திருப்பிக் கொடுத்து, "உள்ள போங்க சார்" என்றார். பேனாவுக்குப் பதிலாகப் பென்சில் கொண்டு போவது நல்லது. வியர்த்த கையில் மை கலைகிறது.

இருக்கைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய சேப்பாக்கத்தை அறிந்தவர்களுக்குத் தூண்கள் நினைவிருக்கும். கான்கிரீட் கூரையைத் தாங்கி நின்ற அந்தத் தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தால், பந்து வீசுபவரைப் பார்க்கக் கழுத்தை ஒரு பக்கமும், மட்டையாளரைப் பார்க்க மறு பக்கமும் சாய்க்க வேண்டும். 2011 உலகக் கோப்பைக்கு முன் மைதானம் இடித்துக் கட்டப்பட்டபோது அந்தக் கூரை போய், வெண்ணிறக் கூம்புகளாக விரியும் துணிக்கூரைகள் வந்தன. கேலரிகளை ஒட்டாமல் தனித்தனியாகக் கட்டி, நடுவே இடைவெளி விட்டிருக்கிறார்கள். மெரினாவிலிருந்து வரும் காற்று அந்த இடைவெளி வழியாக உள்ளே நுழைகிறது. பிற்பகலில் கடற்காற்று எழுந்த பிறகு இதன் பயன் உடலுக்கே தெரியும். பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த ஐ, ஜே, கே கேலரிகளும் 2021 இங்கிலாந்து டெஸ்டின்போது திறக்கப்பட்டு, 2023இல் கலைஞர் மு.கருணாநிதி பெயரிலான கேலரியும் சேர்ந்தபின் மைதானம் நிறைவான வட்டமாகிவிட்டது.

ஆனாலும் கூரை எல்லோருக்கும் நிழல் தருவதில்லை. கீழ் அடுக்கின் முன் வரிசைகள் வெயிலில்தான் இருக்கின்றன. இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: காலையில் கிழக்குப் பக்கக் கேலரிகளில் நிழல் இருக்கும், மதிய உணவுக்குப் பிறகு மேற்குப் பக்கத்தில் நிழல் விழத் தொடங்கும், கிழக்கில் உட்கார்ந்தவர்களுக்கு மாலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும். ஒன்பதரை மணி வெயிலைத் தாங்கிக்கொள்ளலாம், இரண்டரை மணி வெயிலைத் தாங்குவது கடினம். ஆகவே குடும்பத்தோடு போகிறவர்கள் மேற்குப் பக்கத்தில், கீழ் அடுக்கின் பின் வரிசைகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மேல் அடுக்கிலிருந்து பீல்டிங் அமைப்பு வரைபடம் போலத் துலங்கும், படி ஏற முடிந்தவர்களுக்கு அதுதான் சிறந்த இடம். என் மனைவியின் முழங்காலை மனத்தில் கொண்டு நாங்கள் கீழேயே இருந்துகொண்டோம்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். டெஸ்ட் நாளின் பெரிய வசதி அதன் கால ஒழுங்கு. ஒன்பதரைக்குத் தொடக்கம், பதினொன்றரைக்கு உணவு இடைவேளை, நாற்பது நிமிடம் கழித்து இரண்டாம் பகுதி, இரண்டு மணி பத்து நிமிடத்துக்குத் தேநீர், பிறகு மாலை வரை கடைசிப் பகுதி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மணியடித்து விடுகிற பள்ளிக்கூடத்தில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு இந்த ஒழுங்கு இயல்பாகவே பிடித்துப் போகும் என்று சொல்லலாம். ஆனால் இதன் பயன் எனக்கு மட்டும் இல்லை. குழந்தைக்குக் கழிப்பறை போக வேண்டுமென்றால் இரண்டு ஓவர் போனால் போகட்டும் என்று அழைத்துப் போகலாம், முதியவர் ஒருவர் பத்து நிமிடம் கண்ணயர்ந்தால் ஆட்டம் அவரை விட்டுவிட்டு ஓடிவிடாது. ஓவருக்கும் ஓவருக்கும் நடுவே பேச நேரம் இருக்கிறது. என் மாப்பிள்ளையும் நானும் ஒரே வீட்டில் இருந்தாலும் அன்றைக்குப் பேசிய அளவு அதற்கு முன் பேசியதில்லை. பெரும்பாலும் சுப்மன் கில் ஆடும் விதத்தைப் பற்றித்தான், ஆயினும் பேச்சு பேச்சுதானே.

அந்தச் சனிக்கிழமை இந்தியா தன் இரண்டாம் இன்னிங்ஸை 3 விக்கெட்டுக்கு 81 ரன்னில் இருந்து தொடர்ந்தது. கில்லும் ரிஷப் பண்டும் களத்தில் இருந்தார்கள். 2022 டிசம்பரில் கார் விபத்தில் சிக்கி மீண்ட பண்டுக்கு அதன் பிறகு இதுதான் முதல் டெஸ்ட். உணவு இடைவேளைக்குள் ஸ்கோர் 205. இருவரும் நாலாவது விக்கெட்டுக்கு 167 ரன் சேர்த்தார்கள். பண்ட் 72இல் இருந்தபோது ஷகிப் அல் ஹசன் பந்தில் கொடுத்த கேட்சை வங்கதேச அணித் தலைவர் சாந்தோ தவறவிட்டார், எங்கள் வரிசையில் ஒருவர் எழுந்து நின்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டார். பண்ட் 109 எடுத்து வெளியேற, கில் 119 ரன்னோடு ஆட்டமிழக்காமல் இருக்க, 4 விக்கெட்டுக்கு 287 என்ற நிலையில் இந்தியா போதும் என்று இன்னிங்ஸை முடித்துக்கொண்டு டிக்ளேர் செய்தது. வங்கதேசத்துக்கு இலக்கு 515.

நேரில் பார்ப்பதற்கும் தொலைக்காட்சியில் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அன்றைக்கு நடந்த ஒன்றைக் கொண்டு விளக்கலாம். பண்ட் மட்டையோடு நின்றுகொண்டே கையை நீட்டி எதையோ காட்டினார், உடனே வங்கதேச வீரர் ஒருவர் நடந்துபோய் மிட்விக்கெட் பக்கம் நின்றுகொண்டார். "தாத்தா, அவரு எதுக்கு அவங்க ஆளுக்கு இடம் சொல்றாரு?" என்று பேத்தி கேட்டபோது என்னிடம் விடை இல்லை. எதிரணியின் பீல்டிங்கை மட்டையாளரே அமைத்துக் கொடுத்தார் என்பது இரவு கைப்பேசியில் காணொளியைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. மைதானத்தில் ஸ்டம்ப் மைக்கின் குரல் கேட்காது, நெருக்கக் காட்சி கிடையாது, எல்பிடபிள்யூ முறையீடு சரியா தவறா என்று பக்கவாட்டிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் ஆள் நடந்து போனதைக் கண்டது பேத்தி. தொலைக்காட்சி காட்டியதை மட்டும் பார்க்காமல், எங்கே பார்ப்பது என்பதைத் தானே தேர்ந்துகொள்ளும் பழக்கம் குழந்தைக்கு வருகிறது. மாணவர்களிடம் எதை எதிர்பார்த்து ஆண்டுக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தினேனோ, அது ஒரு முற்பகலில் செலவில்லாமல் நடந்தது.

வர்ணனை வேண்டுமென்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முன்பெல்லாம் காதோரம் டிரான்சிஸ்டர் வைத்திருப்பவரைச் சுற்றிப் பத்துப் பேர் உட்காருவார்கள், பந்து விழுவதும் சொல் விழுவதும் ஒன்றாக இருக்கும். இப்போது கைப்பேசிச் செயலியில் வானொலியைக் கேட்டால் ஒலி பல நொடிகள் பிந்தி வருகிறது. விக்கெட் விழுந்து மைதானமே எழுந்து நிற்கும்போது, காதில் பந்து வீச்சாளர் ஓடிவரத் தொடங்கியிருக்க மாட்டார். நான் பத்து ஓவருக்குப் பிறகு இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

சேப்பாக்கத்து ரசிகர்களைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்லும் புகழ்ச்சியில் பெரும்பகுதி உண்மைதான். 1997 மே மாதம் பாகிஸ்தானின் சயீத் அன்வர் இந்தியாவுக்கு எதிராக 194 அடித்தபோது இந்த மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. 1999 ஜனவரி 31 அன்று பாகிஸ்தானுக்கு எதிராகச் சச்சின் முதுகுவலியோடு ஆடி 136 எடுத்தும், அவர் போனபின் கடைசி மட்டையாளர்கள் நாலே ரன்னில் சரிந்து இந்தியா 12 ரன் வித்தியாசத்தில் தோற்றது. வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி ஓடியபோது அதே மக்கள் எழுந்து நின்று மரியாதை செய்தார்கள். 2024இலும் அந்தக் குணம் மங்கவில்லை. வியாழக்கிழமை காலையில் ஹசன் மஹ்மூத் ரோகித், கில், கோலி, பண்ட் என்று வரிசையாக வீழ்த்தியபோது, அவருடைய பந்துவீச்சுக்குக் கைதட்டல் எழுந்தது, எல்லோரும் தட்டினார்கள் என்று சொல்ல மாட்டேன், தட்டியவர்கள் மனமாரத் தட்டினார்கள். 144க்கு 6 விக்கெட் என்று இந்தியா கிடந்த நிலையில் அஸ்வின் இறங்கினார். மேற்கு மாம்பலத்துப் பிள்ளை, மின்சார ரயில் தூரத்தில் வளர்ந்தவர் என்ற உரிமையோடு கூட்டம் அவரை வரவேற்றது. ஜடேஜாவும் அவரும் சேர்ந்து ஆடிய அந்த மாலையில், சிவப்பு மண் ஆடுகளத்தில் எழும்பிய பந்துகளை அஸ்வின் பாயிண்ட் பக்கம் வெட்டி விட்ட ஒவ்வொரு முறையும் கேலரியில் ஒரு முனகல் எழுந்து முழக்கமாக மாறியது. நாள் முடிவில் அவர் 102, ஜடேஜா 86, ஸ்கோர் 339. அடுத்த நாள் 113 வரை போனார், ஞாயிற்றுக்கிழமை 88 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்து 280 ரன் வெற்றியையும் முடித்துக் கொடுத்தார். சேப்பாக்கத்தில் அவர் ஆடிய கடைசி டெஸ்ட் அது என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது, டிசம்பரில்தான் ஓய்வை அறிவித்தார். என் நோட்டில் அந்த நூறுக்கான பக்கத்தைப் பார்த்தால், கடைசிச் சில ஓவர்களில் எண்கள் கோட்டைத் தாண்டிக் கோணலாகப் போயிருக்கின்றன.

சாப்பாடுதான் இந்த நாளின் நலிந்த பகுதி. வெளியிலிருந்து எதையும் கொண்டுவரக் கூடாது, வெளியே போனால் திரும்பி வர முடியாது என்கிறபோது உள்ளே விற்பவர்கள் வைத்ததுதான் விலை. நாங்கள் நின்ற கடையில் பதினொன்றரைக்கே பப்ஸ் ஆறிப்போய் இருந்தது, சாம்பார் சாதம் என்ற பெயரில் கொடுத்த பொட்டலத்தில் பருப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. சில்லறை இல்லை என்று சொல்லி அதற்கு ஈடாக மிட்டாய் கொடுத்தார்கள், சிக்னல் கிடைக்காத கூட்டத்தில் கைப்பேசியால் பணம் கட்டுவதும் எளிதாக இல்லை. காலையில் வீட்டிலேயே வயிறு நிறையப் பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டுவிட்டுப் போவது, உள்ளே தண்ணீரும் மோரும் மட்டும் குடிப்பது, ஆட்டம் முடிந்ததும் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுதான் எங்கள் வீட்டுத் தீர்மானம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைப் பின்பற்ற முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் இடைவேளை தொடங்கும் முன்பே, பதினொன்றே கால் மணிக்கே எழுந்துபோய் வாங்கிவிட வேண்டும். இடைவேளை விட்டபின் வரிசை நீண்டுவிடும்.

இரவு ஆட்டத்தோடு ஒப்பிடாமல் என் கருத்து முழுமை பெறாது. இருபது ஓவர் ஆட்டம் ஏழரைக்குத் தொடங்கி, முடியும்போது மணி பதினொன்றைத் தாண்டும். மஞ்சள் சட்டைக் கடல், விசில், தோனி இறங்கும்போது எழும் ஓசை எல்லாம் ஒருமுறை கண்டு கேட்க வேண்டியவைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பந்துக்குப் பந்து ஒலிபெருக்கி பாட்டுப் போடுகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு சொல் பேச முடியாது, முன் வரிசை எழுந்தால் நாமும் எழ வேண்டும், எழ முடியாத முதியவர் மூன்று மணி நேரமும் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். முடிந்தபின் ஒரே நேரத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறும்போது, உறக்கத்தில் தோளில் சாய்ந்த குழந்தையோடு ரயில் நிலையம் வரை போவது இளைஞர்களுக்கே கடினம். டெஸ்ட் நாளில் மக்கள் மதியம் முதலே சிறிது சிறிதாகக் கலைகிறார்கள். நாங்கள் போன சனிக்கிழமை வெளிச்சக் குறைவால் ஆட்டம் சற்று முன்னதாகவே, வங்கதேசம் 4 விக்கெட்டுக்கு 158 என்ற நிலையில் நிறுத்தப்பட்டது. ஏமாற்றம்தான், ஆனாலும் இருட்டுவதற்குள் வெளியே வந்து நின்றோம்.

பெண் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்களுக்கு ஒரு சொல். அதே ஆண்டு ஜூன் 28 அன்று இங்கே தொடங்கிய இந்தியா, தென்னாப்பிரிக்க மகளிர் டெஸ்டுக்கும் பேத்தியை அழைத்துப் போனேன். முதல் நாளில் ஷபாலி வர்மா 205, ஸ்மிருதி மந்தானா 149, முதல் விக்கெட்டுக்கு 292, நாள் முடிவில் 4 விக்கெட்டுக்கு 525 என்று சாதனைகள் குவிந்தன. நாங்கள் பார்த்தது மறுநாள், ஏனெனில் முதல் நாள் வெள்ளிக்கிழமை, பள்ளி உண்டு. ஆட்டம் பார்ப்பதற்காக விடுப்பு எடுப்பது வாத்தியார் வீட்டில் நடக்காது. 6 விக்கெட்டுக்கு 603 என்று டிக்ளேர் செய்ததையும், சினே ராணா சுழற்பந்து வீசத் தொடங்கியதையும் பார்த்தோம். முதல் இன்னிங்ஸில் அவர் 77 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்தார். கூட்டம் குறைவு என்பதால் எல்லைக்கோட்டுக்கு மிக அருகில் உட்கார முடிந்தது, பீல்டிங் செய்த வீராங்கனைகள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பது காதில் விழுந்தது. பேத்தி ஸ்கோர் நோட்டில் ஒரு மணி நேரம் தானே எழுதினாள். அவள் எழுதிய பக்கத்தில் ரன்கூட்டல் இரண்டு குறைவாக இருந்தது, நான் சிவப்புப் பென்சிலால் சுழித்துத் திருப்பிக் கொடுத்தேன், அதற்காக மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்தபின் சாப்பிடுவதற்குத் திருவல்லிக்கேணியைவிட நல்ல பேட்டை சென்னையில் குறைவு. வங்கதேச டெஸ்டின் மூன்றாம் நாள் ஆட்டம் முடிந்த சனிக்கிழமை மாலை நாங்கள் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் உள்ள ரத்னா கபேக்குப் போனோம். 1948 முதல் இருக்கும் கடை. இங்கே சாம்பார் இட்லி என்றால் இட்லிக்குத் துணையாகக் கிண்ணத்தில் சாம்பார் வைப்பதில்லை, தட்டில் இட்லி மூழ்கும்வரை ஊற்றுவார்கள், தீரத் தீரப் பாத்திரத்தோடு வந்து மறுபடி ஊற்றுவார்கள். கரண்டியால் இட்லியை வெட்டும்போது அது சாம்பாரை உறிஞ்சிக் கனத்து, ஆனாலும் குழையாமல் இருக்கிறது. மனைவி ஒரு தட்டோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லி உட்கார்ந்தார், பேத்தியின் தட்டிலிருந்தும் ஒரு துண்டு போனதை நான் கவனித்தேன். பில்டர் காபி திடமாக இருந்தது. நாள் முழுவதும் வெயிலில் இருந்தபின் உண்பதால் சுவை கூடியிருக்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னார், இருக்கலாம். மாலை ஐந்தரைக்கு மேல் இடம் கிடைக்கச் சற்றுக் காத்திருக்க வேண்டும்.

இந்த மதிப்புரையின் பெரிய இடையூறு ஒன்றுண்டு: நான் பரிந்துரைக்கும் பண்டம் எப்போதும் கடையில் கிடைப்பதில்லை. ஒரு காலத்தில் பொங்கலையொட்டி இங்கே டெஸ்ட் நடப்பது வழக்கமாக இருந்தது, கரும்பு வாங்குவதுபோல டிக்கெட்டும் வாங்குவார்கள். இப்போது டெஸ்ட்கள் நாடெங்கும் பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. 2025இல் இந்தியாவில் நடந்த நான்கு டெஸ்ட்களும் அகமதாபாத், டெல்லி, கொல்கத்தா, குவாஹாட்டிக்குப் போயின, சேப்பாக்கத்துக்கு ஒன்றும் இல்லை. அடுத்தது வரும்வரை காத்திருக்க முடியாதவர்கள் மாநில அணிகள் மோதும் ரஞ்சி ஆட்டங்களை நாடலாம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே 1934 நவம்பர் 4 அன்று சென்னைக்கும் மைசூருக்கும் இங்கேதான் நடந்தது, ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட் எடுத்து ஒரே நாளில் முடித்துவிட்டார். ரஞ்சி ஆட்டத்துக்கு வேலை நாளென்றால் உள்ளே வருகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அடுத்த பருவத்தின் அட்டவணை வெளியானதும் தமிழ்நாடு இங்கே ஆடும் நாட்களைக் குறித்துவைத்துக்கொண்டு, அவற்றில் பள்ளி விடுமுறையில் வருவது எது என்று பார்ப்பதாக இருக்கிறோம்.

உட்கார்ந்தபடி ஆறு மணி நேரம் முதுகு தாங்காதவர்களும், ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தையோடு வருகிறவர்களும் முழு நாளுக்குத் திட்டமிட வேண்டாம். தேநீர் இடைவேளைக்குப் பிந்தைய பகுதிதான் நிழலும் காற்றும் உள்ளது, எனவே மதிய உணவை வீட்டில் முடித்துவிட்டு ஒன்றரை மணி ரயிலில் ஏறினால் நாளின் நல்ல பாதி கிடைத்துவிடும். தொப்பி, மாத்திரைச் சீட்டின் நகல், பென்சில் இந்த மூன்றையும் மறக்க வேண்டாம்.